மூவார் கடல்மட்டம்: வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சொன்னவன் யாரோ, அவன் எங்கள் தொழிலில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டான்.

நான் ஜொகூரில், ஸ்கூடாய் என்ற ஊரில் ஓர் ஆய்வு மையத்தில் இருக்கிறேன். கடல், நிலம், வானம் மூன்றையும் அளந்த எண்களை ஒழுங்குபடுத்தி, இணையத்தில் போட்டு வைப்பது என் வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்ட் கிடையாது, நிரப்பிக் கொடுக்கப் பாரம் கிடையாது, என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. எங்கள் பாஷையில் இதற்கு ஓப்பன் டேட்டா என்று பெயர். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் ரசத்துக்குப் போய்விடுவார்கள்.

கோயிலில் அன்னதானம் போட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று பேச்சு வாங்கியவர்கள், வீட்டுக் கறிவேப்பிலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, "இனிமே கழுவிக் குடுங்க" என்று பதில் வாங்கியவர்கள் இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

பட்டியல் எங்கே

எங்கள் மையத்துக்குப் போன வருஷம் புது இயக்குநர் வந்தார். டாக்டர் தேவேந்திரன். நம்ம ஆளு என்று நானும் முதல் நாள் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது நாள் என்னைக் கூப்பிட்டார். மூவார் ஆற்று முகத்துவாரத்தில் எங்கள் நீர்மட்டக் கருவி ஒன்று இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து அனுப்பும். ஒன்பது வருஷமாக அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கருவி கிழடாகிவிட்டதாம். வருஷக் கடைசியில் கழற்றிவிடலாம் என்றார். கழற்ற வேண்டாம் என்றால் யார் யார் அந்த எண்களை உபயோகிக்கிறார்கள் என்று நான் ஒரு பட்டியல் கொண்டுவந்து நீட்ட வேண்டும்.

விட்டுப்போன நேற்றைய கடலை நாளைக்குப் போய் அளக்க முடியாது. ஒரு வாரம் நின்றால் ஒரு வாரம் ஓட்டை, எந்தக் கொம்பன் வந்தாலும் அடைக்க முடியாது. ஆனால் பட்டியலுக்கு எங்கே போவது? யார் என்று கேட்காமல் கொடுப்பதுதானே இந்த ஏற்பாட்டின் உயிரே. எங்கள் கணினியில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். மூவாருக்கு நேராக அது தினமும் 'ஒன்று' என்று காட்டியது. தினமும் ஒன்றே ஒன்று. டாக்டர் அந்த ஒன்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "குணா, யாருன்னே தெரியாத ஓர் ஆளுக்கு எதுக்குய்யா நாம கடலை அளந்து குடுக்கணும்?"

பூட்டிய பீரோ

முதலில் மூவார் ஆற்றுச் சேற்றைப் பற்றியே வாழ்நாளைக் கழித்த ஒரு பேராசிரியரைத் தேடிப் போனேன். மலாய்க்காரர், தங்கமான மனிதர், தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். அவர் கட்டுரைகளில் எங்கள் கடல்மட்ட எண்கள் வரிக்கு வரி இருக்கின்றன. எங்கள் பெயர்தான் இல்லை. பரவாயில்லை, எங்கள் கருவியை நம்பித்தான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுங்கள், போதும் என்று கேட்டேன்.

அவர் அறையில் ஒரு பச்சை பீரோ உண்டு. இத்தனை வருஷம் அவர் அளந்த சேற்றுக் கணக்கு முழுவதும் அதற்குள்தான். சாவி அவர் இடுப்பில். கட்டுரைக்குக் கீழே மட்டும் 'தரவுகள் கேட்டால் தரப்படும்' என்று தவறாமல் போட்டிருப்பார். நான் மூன்று முறை கேட்டுவிட்டேன், மூன்று முறையும் தேநீர்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவர் கடிதத்துக்கும் தலையை ஆட்டவில்லை. கடிதம் கொடுத்தால், எண்களை எங்கிருந்து எடுக்கிறார் என்று மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்துவிடுமாம். ஐயா, அது உலகம் முழுக்கத் திறந்துதானே கிடக்கிறது என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை அட்சரம் பிசகாமல் தமிழில் தருகிறேன்: "திறந்து வெச்சது உங்க தப்பு. அதை நான் வேற எல்லாருக்கும் காட்டிக் குடுக்கணுமா?"

முப்பது மீட்டர் பள்ளத்தில் மூவார்

பட்டியலில் ஒரு பெயர்கூட ஏறாத நிலையில், எங்கள் எண்களை வைத்து முதுகலை ஆய்வு செய்த பிரபாவதி என்ற மாணவி தானாகவே வந்து நின்றாள். நான் உபயோகிக்கிறேன் அண்ணே, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆசையாக அவள் ஆய்வேட்டை வாங்கிப் புரட்டினேன். மூவாரின் சராசரிக் கடல்மட்டம் முப்பது மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கடலாவது, கிணறாவது.

விஷயம் இதுதான். கருவிக்குள் நண்டு புகுந்துவிட்டால் அளவு வராது. வராத இடத்தைச் சும்மா விட்டால் பூஜ்யம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதற்காக, அங்கே மைனஸ் 9999 என்று போடுவோம். இப்படி ஓர் எண்ணை எந்த மடையனும் உண்மையான அளவு என்று எடுத்துக்கொள்ள மாட்டான் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. அந்தப் பெண் அத்தனையையும் கூட்டி வகுத்திருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. கடல் ஏன் இவ்வளவு இறங்கியது என்று தனியாக ஓர் அத்தியாயம், அதில் பூமி சூடாவதுதான் காரணம் என்று முடிவு. கடல் முப்பது மீட்டர் கீழே போய்விட்டால் மூவார் படகெல்லாம் எதில் மிதக்கிறது தாயே என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள். இவள் பெயரைப் பட்டியலில் போட்டால் டாக்டர் கருவியை மறுநாளே கழற்றிவிடுவார் என்பதால் பேனாவை மூடினேன். அவள் கவலை வேறு மாதிரி இருந்தது: "தப்புன்னு இப்பப் போயி சொல்றீங்களேண்ணே. பைண்டிங் பண்ணி, அட்டையில தங்க எழுத்தெல்லாம் போட்டாச்சு."

அன்னாசித் திருடன்

கடல்தான் கைவிட்டது, வானமாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். எங்கள் தளத்தில் செயற்கைக்கோள் படங்களும் உண்டு. பெக்கான் நானாஸிலிருந்து மாணிக்கம் என்பவர் போன் செய்தார். அன்னாசி போட்டிருக்கிறார். பழம் பழுக்கிற நேரத்தில் யாரோ வந்து அறுத்துக்கொண்டு போய்விடுகிறானாம். மேலேயிருந்து எடுக்கிற படத்தில் அவன் மூஞ்சி தெரியுமா என்று கேட்டார்.

பொறுமையாக விளக்கினேன். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு சின்ன வீடு அளவு இருக்கும், ஆள் தெரிய மாட்டான். செயற்கைக்கோள் சில நாளைக்கு ஒரு தடவைதான் நம் தலைக்கு மேலே வரும், அது வருகிற நேரம் பார்த்துத் திருடனும் வர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலும் ஜொகூரில் மேகம் விலக வேண்டும். லாரியோடு வந்தால் தெரியுமா என்றார். சின்ன லாரி தெரியாது என்றேன். இவ்வளவு பேசிவிட்டோமே என்று, மூவார் கருவிக்கு ஒரு கையெழுத்துப் போடுவீர்களா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். கடலில் அன்னாசி முளைக்காது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, செயற்கைக்கோளைப் பற்றியும் ஒரு தீர்ப்புச் சொல்லி வைத்தார்: "ஒரு ஏக்கர் அகலத்துக்கு நின்னு திருடுனாத்தான் உங்க சாட்டிலைட்டு புடிக்கும்னு சொல்லுங்க. அவ்ளோ பெரிய திருடன நானே புடிச்சிருவேன் தம்பி."

லண்டன்காரன் நேரம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கருவியைச் சுத்தம் பண்ண மூவாருக்குப் போக வேண்டும். எங்கள் டெக்னீஷியன் ஒரு சீனர், என்னைவிட அந்தக் கருவிமேல் அவருக்குப் பாசம். அன்றைக்கு அவர் படகுத்துறைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு குழாயில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் மேலே நின்று குடை பிடித்தேன். அதுவும் வேலைதான். மோட்டார் சைக்கிளில் ஓர் அம்மா வந்து நின்றார். தலைமுடியெல்லாம் மரத்தூள். இந்த நம்பர் போடுகிறவர்கள் நீங்கள்தானா என்று கேட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கீழே தொங்கிய டெக்னீஷியன்தான் பொறுப்பு என்று கையைக் காட்டிவிட்டேன்.

அவர் பெயர் ஜெசிந்தா. ஆற்றோரம் மேசை, அலமாரி, சோபா செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். பாசாங், அதாவது கடல் ஏற்றம், பெரிதாக வருகிற நாளில் ஆற்றுத் தண்ணீர் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், வழியாகப் பின்னால் ஏறிப் பட்டறைக்குள் வந்துவிடும். எத்தனை மணிக்கு ஏறும் என்று காலண்டரிலேயே அட்டவணை இருக்கிறது. ஆனால் மேலே மழை பெய்து, காற்றும் அடித்தால் அட்டவணை சொன்னதைவிட ஒரு முழம் கூடவே வரும். அந்த ஒரு முழத்தைச் சொல்வது எங்கள் கருவி ஒன்றுதான். காலையில் எங்கள் எண்ணைப் பார்ப்பார், சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவார். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் லோங்காங் நிரம்பும் என்று அவரே வருஷக்கணக்கில் பார்த்து வைத்திருக்கிறார். உடனே அந்த வரிசையில் இருக்கிற பட்டறைகள், மீ என்கிற நூடுல்ஸ் விற்கிற கடை, லாண்டரி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவர்கள் மரப்பலகை, சாமான்களையெல்லாம் தூக்கி மேலே வைப்பார்கள். எங்கள் கணினி காட்டிய அந்த 'ஒன்று' இந்த அக்காதான். அந்த ஒன்றுக்குப் பின்னால் ஒரு தெருவே இருந்தது.

எனக்கு அங்கேயே காலில் விழலாம் போல இருந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான். எங்கள் எண்களில் மணி தப்பாக இருக்கிறதாம், தினமும் எட்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். உலக விஞ்ஞானிகள் எல்லாரும் ஒரே நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக லண்டன் பக்கத்து நேரத்தைப் போடுகிறோம் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, வைஸரை இறக்கி ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே சொன்னார்: "லண்டன்காரன் வந்தா இங்க பலகை தூக்கப் போறான்?"

சோபா எந்தத் துறை

பட்டியலை எழுதிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். ஜெசிந்தா அக்காவும் அவர் வாட்ஸ்அப்பில் இருக்கிற மொத்தத் தெருவும். வெள்ளைப் பலகையின் படம் வேறு. இதைவிட என்ன வேண்டும்? டாக்டர் ஒரு பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பயனாளியின் நிறுவனம், ஆய்வுத் துறை, வெளியிட்ட கட்டுரைகள் என்று வரிசையாகக் கட்டங்கள். ஜெசிந்தா அக்காவின் ஆய்வுத் துறை என்ன என்று கேட்டார். லோங்காங் என்று என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள், அந்தப் பயம் அவருக்கு இருக்கிறது. கட்டுரை எழுதி எங்கள் பெயரைப் போடாத பேராசிரியருக்கு அந்தப் பாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பும். தினமும் எங்களை நம்பிப் பலகை தூக்குகிற பொம்பளைக்கு ஒரு கட்டமும் நிரம்பாது. இதைச் சொல்லியே கேட்டேன், கொஞ்சம் சூடாகவே. டாக்டர் பட்டியலைப் பதமாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "சோபா செய்றவங்களை எல்லாம் யூசர்னு போட்டு அனுப்பினா, மேல உள்ளவங்க சிரிப்பாங்கய்யா."

ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போம்

அதற்கப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கருவியை ஒரு வாரம் நிறுத்தி வைப்பது, யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்ப்பது. யாரும் கூப்பிடவில்லை என்றால் யாருக்கும் தேவையில்லை என்று அர்த்தம், கழற்றிவிடலாம். முன்கூட்டியே யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் சோதனை கெட்டுவிடும். அந்த வாரம் பௌர்ணமி, பெரிய பாசாங் வரும் டாக்டர் என்றேன். அப்படியானால் இன்னும் நல்லது, தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் கூப்பிடுவார்கள் என்றார்.

ஜெசிந்தா அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு மெசேஜ் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. மேலே இருந்து உத்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அக்கா போன் பண்ணிக் கத்த வேண்டும், அதை டாக்டர் காதால் கேட்க வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை. முதல் நாள் போன் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நாலாம் நாள் டாக்டர் என் மேசைப் பக்கம் வந்து போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். எனக்கு அக்காமேல்தான் கோபம் கோபமாக வந்தது.

ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது. மறுநாள் வேறு வேலையாக மூவாருக்குப் போன டெக்னீஷியன் ஒரு படம் அனுப்பினார், கூடவே 'அலாமாக்', அதாவது ஐயையோ, என்று ஒரு வார்த்தை. அந்த வரிசை முழுக்க வாசலில் பலகைகளைச் சாய்த்து வெயிலில் காய வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகப் போனேன். ஒரு கல்யாண வீட்டுக்கு அறுத்து வைத்த கட்டில் பலகை, அலமாரிக் கதவு எல்லாம் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. அக்கா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இணையப் பக்கத்தில் எண் வராததால் அட்டவணையை நம்பிவிட்டாராம், அட்டவணை சொன்னதைவிட ஒரு முழம் கூட வந்துவிட்டதாம். எனக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. நிறுத்தி வைத்தது நாங்கள்தான், யாராவது கேட்கிறார்களா என்று பார்ப்பதற்காக, நீங்கள் ஏன் அக்கா ஒரு போன் அடிக்கவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "தினம் தினம் சும்மா குடுக்கிறவங்க ஒரு நாளு குடுக்கலைன்னா, அவங்களுக்கு என்ன கஷ்டமோன்னுதான் தம்பி நெனச்சேன்."

அந்தப் படத்தைப் பார்த்ததும் டாக்டர் கழற்றுகிற பேச்சை விட்டுவிட்டார். மூவார் கருவி இப்போது ஓடுகிறது, அது ஓடாத அந்த நாட்களும், கருவி எவ்வளவு தேவை என்பதற்குச் சான்றாக, ஊறிப்போன பலகைகளின் படத்தோடு எங்கள் ஆண்டறிக்கையில் 'சாதனைகள்' என்ற தலைப்பில் இருக்கின்றன.